'புட் டவுன்' என்றால் எழுதுவதா, அடக்குவதா, கொல்வதா?

பாகாயம்_நர்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். ஓஇடி தேர்வுக்கு (வெளிநாட்டு வேலைக்குப் போகிற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) படித்துக்கொண்டிருக்கிறேன். லிசனிங் பயிற்சியில் ஒரே உரையாடலுக்குள் 'புட் டவுன்' மூன்று இடத்தில் வந்தது. குழந்தையின் அம்மா முதலில் "ஐ புட் ஹர் டவுன் அட் செவன்" என்கிறார். கொஞ்சம் தள்ளி "வீ புட் இட் டவுன் டு த ஹீட்" என்கிறார். முடிவில் டாக்டர் "ஐ வில் புட் யூ டவுன் ஃபார் டியூஸ்டே" என்கிறார். அகராதியைப் புரட்டினால் அர்த்தம் வரிசையாக நீண்டுகொண்டே போகிறது. கலகத்தை அடக்குவதும் அதில் இருக்கிறது, முன்பணம் கட்டுவதும் இருக்கிறது, நாயைக் கொல்வதும் இருக்கிறது. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

குடியாத்தம்_வாத்தியார்
மனப்பாடம் வேண்டாம் அம்மா. 'டவுன்' முடிந்ததும் அடுத்து என்ன சொல் வருகிறது என்று காதைத் தீட்டி வையுங்கள். 'டு' வந்தால் காரணம் சொல்கிறார்கள். 'ஃபார்' வந்தால் ஏதோ ஒரு பட்டியலில் பெயர் ஏறுகிறது. 'ஆஸ்' வந்தால் பெரும்பாலும் ஒருவரை இன்னார் என்று மதிப்புப் போடுகிறார்கள். உங்கள் இரண்டாவது வாக்கியம் 'வெயிலால் வந்தது என்று நினைத்துக்கொண்டோம்'. மூன்றாவது 'செவ்வாய்க்கிழமைக்கு உங்கள் பெயரைப் போட்டு வைக்கிறேன்'.

முதல் வாக்கியத்தில் இப்படி வால் எதுவும் இல்லை. அங்கே யாரை, எதை என்று பார்த்தால்தான் பிடிபடும். குழந்தையை ஏழு மணிக்குத் தூங்கப் போட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

காட்பாடி_ஹாஸ்டல்
வேலூரில் இருந்துகொண்டு 'புட் இட் டவுன் டு த ஹீட்' என்பதற்கு அர்த்தம் கேட்கலாமா அக்கா? இங்கே தலைவலி, கரண்ட் கட், செமஸ்டர் அரியர் எல்லாவற்றுக்கும் காரணம் வெயில்தான்.

பாகாயம்_நர்ஸ்
சிரித்துவிட்டேன் தம்பி. ஆனால் சார், என்னைத் திகைக்க வைத்தது முதல் வாக்கியம்தான். குழந்தையைத் தூங்கப் போடுவதற்கும் நாயைக் கொல்வதற்கும் ஒரே சொல் எப்படி இருக்க முடியும்? கேட்கிற ஆங்கிலேயருக்கு மனசு உறுத்தாதா?

குடியாத்தம்_வாத்தியார்
உறுத்தாது. குழந்தை என்றதும் அந்த இன்னொரு அர்த்தம் அவர்கள் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. நாம் 'குழந்தையைத் தொட்டிலில் போடு' என்கிறோம். 'ஆளைப் போட்டுட்டாங்க' என்றும் சொல்கிறோம். தொட்டிலைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது நினைவுக்கு வருகிறதா? அதே கதைதான்.

விலங்கு விஷயத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நோய் முற்றி, இனிமேல் தேறாது என்றான மாட்டையோ நாயையோ டாக்டர் ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவைப்பதற்குத்தான் பெரும்பாலும் 'புட் டவுன்'. தெருவில் அடித்துக் கொல்வதற்கு அது பொருந்தாது. எழுத்தில் 'யூத்தனைஸ்' என்பார்கள். வளர்த்தவர்கள் மனம் நோகாமல் சொல்ல 'புட் டு ஸ்லீப்' என்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லில் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து பற்றி விளக்கும்போது 'வீ வில் புட் யூ டு ஸ்லீப்' என்றால் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் போன வாரம்தான் தன் நாயை அப்படி அனுப்பிவைத்தவராக இருக்கலாம். 'யூ வில் பி அஸ்லீப்' என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை.

அகழிக்கரை
வேலூரில் உட்கார்ந்து 'புட் டவுன்' பற்றிப் பேசுகிறீர்கள், இன்னும் கோட்டை வரவில்லையே? 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. செய்தி போய், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி ஜில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு வந்தார், பீரங்கியால் கதவை உடைத்துப் படை உள்ளே நுழைந்தது, அன்றைக்கே எல்லாம் முடிந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'த மியூட்டினி வாஸ் புட் டவுன்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். அகராதியில் இருக்கிற ஓர் அர்த்தம் இதுதான்: பலத்தைக் கொண்டு கிளர்ச்சியை அடக்குதல்.

காட்பாடி_ஹாஸ்டல்
அதற்கு 'சப்ரஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'க்ரஷ்', 'க்வெல்', 'க்வாஷ்', 'சப்ட்யூ' எல்லாம் இருக்கின்றன. வங்கித் தேர்வு புத்தகத்தில் இத்தனையையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து 'ஒருபொருட்பன்மொழி' என்று போட்டிருக்கிறான். எதை வேண்டுமானாலும் போடலாமா?

குடியாத்தம்_வாத்தியார்
அந்தக் கட்டத்தைக் கிழித்துப் போடுங்கள் தம்பி. கலகம் என்ற ஒரே இடத்தில் மட்டும்தான் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் உட்காரும். அங்கிருந்து ஓரடி நகர்ந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போய்விடும்.

'சப்ரஸ்' கலகத்தையும் அடக்கும், செய்தியையும் அமுக்கும், இருமலையும் அடக்கும். வறட்டு இருமலுக்குக் கொடுக்கிற மருந்துக்கே 'காஃப் சப்ரஸன்ட்' என்றுதானே பெயர்? ஆனால் இருமலை 'புட் டவுன்' பண்ண முடியாது. 'க்வெல்' கலவரத்துக்கும் வரும், மனசுக்குள் இருக்கிற பயத்துக்கும் சந்தேகத்துக்கும் வரும். நோயாளியின் பயத்தைப் போக்கினேன் என்று எழுத அது நல்ல சொல். 'க்வாஷ்' என்றதும் எனக்குக் கோர்ட்தான் நினைவுக்கு வரும். கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்கோர்ட் ரத்து செய்வது, வதந்தியை ஒரே அடியில் முடிப்பது. 'சப்ட்யூ' ஆளைக் கட்டுக்குள் கொண்டுவருவது. திமிறுகிற ஆளை நாலு பேர் சேர்ந்து பிடித்தால் அது. இதிலேயே 'சப்ட்யூட்' என்று வந்தால் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக அடங்கி, பேச்சில்லாமல் இருக்கிறார் என்று பொருளாகிவிடும். நர்ஸ் குறிப்பில் அடிக்கடி தேவைப்படும் சொல் அது. 'ஸ்டாம்ப் அவுட்' இருந்த தடமே தெரியாமல் துடைப்பது, அதனால்தான் பெரியம்மை போன்ற நோய்களுக்கு அதைப் போடுகிறார்கள். 'க்ரஷ்' என்றால் நசுக்குவது. அதில் ஈவிரக்கத்துக்கு இடமில்லை.

காய்ச்சலுக்கு இதில் எதுவுமே ஆகாது. 'ப்ரிங் டவுன்' என்றுதான் சொல்லவேண்டும். நாமும் காய்ச்சலை 'இறக்குகிறோம்', அடக்குவதில்லை.

அகழிக்கரை
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'புட் டவுன்' எப்போதும் மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் செய்வது. சிப்பாய்கள் கும்பினியை 'புட் டவுன்' செய்தார்கள் என்று யாரும் எழுதமாட்டார்கள். அங்கே 'ப்ரிங் டவுன்', 'ஓவர்த்ரோ' என்று சொல் மாறிவிடும். ஆக அந்தச் சொல்லை எடுத்துப் போடும்போதே, ஆளுகிற உரிமை ஜில்லெஸ்பி பக்கம் இருந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஏன் எழுந்தார்கள் என்பது அந்த ஒற்றை வரியில் காணாமல் போய்விடுகிறது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டு, தாடியை எடு, நெற்றியில் குறி இட்டுக்கொண்டு அணிவகுப்புக்கு வராதே என்று உத்தரவு போட்டார்கள். முடிந்த பிறகு விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதற்கு 'க்ரஷ்' என்று எழுதுவதுதான் நியாயம்.

ஆம்பூர்_ஷூ
பங்காளி, இது கொஞ்சம் ஓவர். இன்றைக்கு எந்த ஊர்க் கலவரத்தைப் பற்றியும் பேப்பரில் 'புட் டவுன்' என்று போடுகிறார்கள். போடுகிறவன் போலீஸ் பக்கம் என்று அர்த்தமா? அது தேய்ந்துபோன சொல், சார்பெல்லாம் அதில் இல்லை.

அகழிக்கரை
தேய்ந்துபோன சொல்லில்தான் சார்பு கண்ணுக்குத் தெரியாது. 'கலகம்' என்று பாடப்புத்தகத்தில் படித்ததை இப்போது 'புரட்சி' என்கிறோம். வேலூர் மக்கான் சந்திப்பில் அதற்கு நினைவுத்தூண் நிற்கிறது, 2006இல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலை வந்தது. பெயர்ச்சொல்லை மாற்றினோம், வினைச்சொல்லை அப்படியே விட்டுவிட்டோம்.

ஆம்பூர்_ஷூ
சரி, ஆனால் 'க்ரஷ்' என்று எழுதினாலும் அது ஒரு சார்புதானே? உங்களுக்குப் பிடித்த சார்பு, அவ்வளவுதான்.

அகழிக்கரை
ஆமாம், எனக்குப் பிடித்த சார்புதான். மறைக்கவில்லையே.

குடியாத்தம்_வாத்தியார்
இருவரும் கொஞ்சம் இருங்கள். மேலிருந்து கீழே தள்ளுவது என்பது இந்தச் சொல்லின் பழைய குணம். எப்போதும் பெரியவன் சின்னவனைத்தான் தள்ளினான் என்று அர்த்தமில்லை, தள்ளுகிறவன் இன்னும் மேலே இருந்தால் போதும். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் லூக்கா முதல் அதிகாரத்தில், கடவுள் பலவான்களை ஆசனங்களிலிருந்து 'புட் டவுன்' செய்ததாக மரியாள் பாடுகிறாள். தமிழில் 'தள்ளி' என்று இருக்கும். பதவியிலிருந்து இறக்குவது என்ற அந்த அர்த்தம் இப்போது பேச்சில் கிடையாது. ஆனால் அகழிக்கரை சொல்கிற அந்த உயரம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் கட்சி. ஒருவரை அவமானப்படுத்துவதற்கு அதே சொல் வந்ததும் அதனால்தான் என்று தோன்றுகிறது.

காட்பாடி_ஹாஸ்டல்
'போட்டுத் தள்ளிட்டான்' என்பதில் போடுவதும் இருக்கிறது, தள்ளுவதும் இருக்கிறது. வடசென்னைக்காரன் 1611 பைபிளைப் படித்திருக்கிறான்.

கேவிகுப்பம்
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சந்தேகம். எங்கள் நிலத்தில் போர் போட வந்த ஜியாலஜி படித்த ஆள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் 'எ போர்ஹோல் வாஸ் புட் டவுன்' என்று இருந்தது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டாரா, இல்லை அப்படி ஒரு வழக்கு இருக்கிறதா?

குடியாத்தம்_வாத்தியார்
இருக்கிறது. துளை, சுரங்கக் குழி இவற்றைப் பூமிக்குள் இறக்குவதற்குச் சுரங்கத் துறையில் 'புட் டவுன்' வெகுகாலமாக உண்டு. 'சிங்க்', 'ட்ரில்' என்றும் சொல்வார்கள். தமிழ் 'போர் போடு' அதனோடு ஒத்துப்போனது தற்செயல். தண்ணீர் வந்ததா?

கேவிகுப்பம்
புகைதான் வந்தது சார். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் வேறு என்ன வரும்.

ஆம்பூர்_ஷூ
எக்ஸ்போர்ட் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். பையர் 'வீ ஹேவ் புட் டவுன் எ டெபாசிட்' என்று மெயில் போட்டால் அட்வான்ஸ் கட்டிவிட்டார் என்று பொருள். பாக்கி இன்னும் இருக்கிறது என்பதும் அதிலேயே அடக்கம். முழுப் பணத்துக்கு இந்தச் சொல் வராது. தொகையை வெட்டி விலை குறைத்தால் 'மார்க் டவுன்', குழம்பவேண்டாம்.

இன்னொன்று, ஆளை மட்டம் தட்டுவது. எங்கள் மீட்டிங்கில் வெளிநாட்டு ஆள் ஒருவர் சக ஊழியரைப் பற்றி 'ஹீ இஸ் ஆல்வேஸ் புட்டிங் மீ டவுன்' என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் இருந்த நம் ஆள் 'எங்கே இறக்கி விடுகிறார்' என்று என்னிடம் தமிழில் கேட்டார். ஷேர் ஆட்டோ ஞாபகம். ஆனால் அதுவும் சரியான அர்த்தமாமே?

குடியாத்தம்_வாத்தியார்
சரியான அர்த்தம்தான். பஸ், டாக்ஸி ஆளை இறக்கி விடுவதற்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'புட் டவுன்' உண்டு, 'செட் டவுன்' என்றும் சொல்வார்கள். நம் ஊரில் எல்லோரும் 'ட்ராப்' என்றே பழகிவிட்டோம், போகட்டும்.

'மட்டம் தட்டுவது' என்று நீங்கள் போட்டதைவிட நல்ல தமிழ் அதற்கு இல்லை. ஆனால் வினையாக வரும்போது ஒன்று, பெயராக வரும்போது ஒன்று. 'ஹீ புட்ஸ் மீ டவுன்' என்றால் ஓயாமல் மட்டம் தட்டுகிறான். 'தட் வாஸ் எ புட்-டவுன்' என்றால் ஒரே ஒரு வார்த்தை, சபையில் பட்டென்று விழுந்தது, எதிராளிக்கு வாய் எழவில்லை. அதற்குத் தமிழ் 'மூக்குடைப்பு'. உச்சரிப்பும் மாறும். வினையில் 'டவுன்' மேல் அழுத்தம் விழும், பெயரில் 'புட்' மேல். லிசனிங்கில் இது பெரிய உதவி.

அகழிக்கரை
மூக்குடைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் நம் ஊரைப் பற்றியே ஒன்று இருக்கிறது. ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. வெளியூர்க்காரன் ஒவ்வொருவனும் தானே கண்டுபிடித்த மாதிரி வந்து சொல்லுவான்.

காட்பாடி_ஹாஸ்டல்
சாமி எப்போதோ வந்தாச்சே?

அகழிக்கரை
1981இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் மறுபடி வைத்தார்கள். மூன்றில் ஒன்று அன்றைக்கே தீர்ந்தது. சொல்லுகிறவன் இன்னும் நிறுத்தவில்லை.

பாகாயம்_நர்ஸ்
அப்படியானால் இதில் 'இன்சல்ட்', 'பிலிட்டில்', 'ஸ்னப்', 'ஹ்யூமிலியேட்' எல்லாம் ஒன்றா சார்? ரீடிங் பகுதியில் வார்டில் சீனியர் ஜூனியரை நடத்துகிற விதம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நாலு சொல்லும் அதில் இருந்தன.

குடியாத்தம்_வாத்தியார்
வார்டை வைத்தே பார்த்துவிடலாம். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் காலையில் 'குட் மார்னிங்' சொல்கிறாள். சீனியர் காதில் விழாதமாதிரி தாண்டிப் போனால் அது 'ஸ்னப்'. அங்கே பேச்சே தேவையில்லை, முகத்தைத் திருப்பினால் போதும். அவள் ஒரு கஷ்டமான கேஸை நன்றாகச் சமாளித்துவிட்டு வருகிறாள், 'இதென்ன பெரிய விஷயம்' என்றால் 'பிலிட்டில்'. செய்ததைச் சின்னதாக்குவது. நோயாளிகள் முன்னால் கத்தி, அவள் அழுதுகொண்டே வெளியே போகும்படி செய்தால் 'ஹ்யூமிலியேட்'. அதில் பெரும்பாலும் கூட்டம் இருக்கும், காயமும் ஆழம். 'இன்சல்ட்' பச்சையாகத் திட்டுவது, கேட்ட யாருக்கும் தெரியும். அவள் இல்லாதபோது முதுகுக்குப் பின்னால் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் 'ரன் டவுன்'. எழுத்தில் கொஞ்சம் கௌரவமாக 'டிஸ்பாரேஜ்' என்பார்கள்.

'புட் டவுன்' என்பதில் சிரித்துக்கொண்டே சொன்னதும் அடங்கும். 'உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தரலையா?' வெறும் கேள்விதான், இன்சல்ட் என்று புகார் கொடுக்க முடியாது, ஆனால் கேட்டவள் ஒரு படி கீழே இறங்கிவிட்டாள். 'டாக் டவுன் டு' இதற்குப் பக்கத்து வீடு. எதிராளிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பேசுவது. நோயாளிகளிடம் நாமே அறியாமல் செய்துவிடுகிற காரியம்.

பாகாயம்_நர்ஸ்
இந்த ஒரு பதிவை மட்டும் அச்செடுத்து நர்சஸ் ரூமில் ஒட்டலாம்போல இருக்கிறது. ஓஇடிக்காக இல்லை.

கேவிகுப்பம்
அந்த 'ஃபார்' விஷயத்தை ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே. 'புட் மீ டவுன் ஃபார் ஃபைவ் ஹன்ட்ரட்' என்று ஒருவர் சொன்னால்?

ஆம்பூர்_ஷூ
மொய் எழுதச் சொல்கிறார். 'என் பேர்ல ஐநூறு போட்டுக்கோ.' பணம் கையில் கொடுத்தாரா என்பது வேறு கதை.

குடியாத்தம்_வாத்தியார்
அதேதான். கோயில் நன்கொடை, கிளப் சந்தா எல்லாவற்றுக்கும் வரும். வெறுமனே எழுதிவைப்பதற்கும் வரும். அங்கே 'நோட் டவுன்', 'ஜாட் டவுன்', 'ரெகார்ட்' எல்லாம் உறவு. 'ஜாட்' அவசரமாகக் கிறுக்குவது, 'ரெகார்ட்' ஃபைலில் நிற்கப்போவது. 'வாட் ஷல் ஐ புட் டவுன் ஆஸ் யுவர் ஆக்குபேஷன்' என்பது அட்மிஷன் கவுன்டரில் தினமும் வேண்டிய வாக்கியம். இங்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கிறவர்களிடம் வேறு எந்த மொழியில் கேட்பது?

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'புட் த ஃபோன் டவுன் ஆன் மீ' என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் செய்துவிட்டான். அந்த 'ஆன் மீ' இல்லாவிட்டால் சாதாரணமாக போனை வைத்தான், கோபம் இல்லை. 'ஐ குட்நாட் புட் இட் டவுன்' என்று புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் கீழே வைக்க மனம் வரவில்லை. போலீஸ் 'புட் த கன் டவுன்' என்று கத்தினால் உடனே கீழே போடு. 'லே டவுன் ஆர்ம்ஸ்' என்றால் படையே சரணடைவது, அதற்குப் பேச்சுவார்த்தை, கையெழுத்து எல்லாம் உண்டு.

காட்பாடி_ஹாஸ்டல்
'புட் இட் டவுன்', 'புட் டவுன் இட்' இரண்டும் சரியா? டெஸ்டில் இரண்டாவதைப் போட்டு ஒரு மார்க் போனது.

குடியாத்தம்_வாத்தியார்
போகத்தான் போகும். 'இட்', 'ஹிம்', 'ஹர்', 'தெம்' போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் உட்காரவேண்டும். கலகம், போன், குழந்தையின் பெயர் என்று முழுச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். காரணம் சொல்கிற 'டு' வரும்போது மட்டும் நடுவில் வைப்பதே காதுக்கு இதம். 'ஷீ புட் த பெயின் டவுன் டு ஏஜ்.'

பாகாயம்_நர்ஸ்
கடைசியாக ஒன்று. ரைட்டிங்கில் டாக்டருக்கு ரெஃபரல் கடிதம் எழுதும்போது இதைப் போடலாமா? 'பேஷன்ட் புட் த பெயின் டவுன் டு ஏஜ்' என்று?

குடியாத்தம்_வாத்தியார்
வேண்டாம். அது நோயாளி வாயிலிருந்து வருகிற சொல். கடிதத்தில் 'அட்ரிப்யூட்' என்று எழுதுங்கள். 'அஸ்க்ரைப்' இன்னும் விறைப்பு, தேவையில்லை. அமெரிக்க நர்ஸ்கள் பேச்சில் 'சாக் அப் டு' என்பார்கள், அதுவும் பேச்சோடு சரி. 'ப்ளேம்' போட்டுவிடாதீர்கள். யார் மேலோ பழி போடுகிறார் என்று டாக்டர் படித்துவிடுவார். தோல் தொழிற்சாலைகள் உள்ள ராணிப்பேட்டைப் பக்கத்து நோயாளி என்றால் அந்தப் பழி தொழிற்சாலை மேல் போய் நிற்கும்.

ஆம்பூர்_ஷூ
கடைசி வரியில் எங்களைத் தட்டிவிட்டீர்களே சார். இது 'ஸ்னப்'பா, 'புட்-டவுன்'ஆ?

குடியாத்தம்_வாத்தியார்
புட்-டவுன். பெயர்ச்சொல். அழுத்தம் 'புட்' மேல்.